பன்னிரண்டு என்று எழுதச் சொன்னார்கள்

நாங்கள் சைவப் பிள்ளைமார். வீட்டுக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. என் தொழில் வேட்டை. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் செகந்திராபாத்தில் இருக்கிற எங்கள் உறவுக்காரர்களுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். ஸ்கந்தகிரி கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போது ஒருத்தி கேட்டாள், பாவம் சேராதா பகவதி என்று. சேர்ந்தால் நான்தானே சுமக்கப் போகிறேன், உனக்கு ஏன் முதுகு வலிக்கிறது என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் நான் நிற்கும் வரிசையில் நிற்பதில்லை.

வேட்டை என்றதும் நான் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன் என்று நினைக்க வேண்டாம். மேற்கு மாரெட்பள்ளியில் ஒரு டியூஷன் சென்டருக்கு மேலே இரண்டு அறை ஆபீஸ். என் கணவர் சிவஞானம் இருந்தவரை ரயில் டிக்கெட், விமான டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ் அது. இப்போது அங்கிருந்து நமீபியாவுக்கு வேட்டைக்குப் போகிறவர்களை அனுப்புகிறேன். விசா, துப்பாக்கிக்கான அனுமதிகள், அங்கே முகாம் எல்லாம் எங்கள் பொறுப்பு. அதையெல்லாம் ஓடியாடிப் பார்ப்பவன் இருதயராஜ். தூத்துக்குடிக்காரன். பட்டான்செருவில் மருந்துக் கம்பெனியில் ஷிப்ட் பார்த்து வெறுத்துப்போய் எட்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் வந்து சேர்ந்தான்.

நாங்கள் அனுப்புகிற இடம் அந்த நாட்டின் வடகிழக்கு மூலையில், ஆற்றோரமாக இருக்கிறது. ஐந்து ஊர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்துத் தங்கள் காட்டைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. நானும் சிவஞானமும் பதினோரு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை போனபோது, அங்கே காட்டெருமை என்றால் மக்காச்சோளத்தை மிதிக்கிற சனியன், அவ்வளவுதான். கம்பிக் கண்ணி வைத்துப் பிடித்தார்கள். கண்ணியில் மாட்டிக் கால் அழுகிச் செத்துக் கிடந்த ஒரு பெண் எருமையை நான் பார்த்தேன். வயிற்றில் கன்று. அந்த நாற்றம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. என்னைப் பாவி என்கிறவர்கள் யாரும் அதை முகர்ந்ததில்லை.

அதற்குப் பிறகு குழு ஒரு ஏற்பாடு செய்தது. வருஷத்துக்கு இத்தனை கிழட்டுக் கடாக்களை மட்டும் வெளியாட்கள் சுடலாம். இறைச்சி ஊருக்கு. வருகிற வரும்படியில் காவலர்களுக்குச் சம்பளம். அந்தக் காவலர்கள் வந்த பிறகு கண்ணிகள் குறைந்தன, எருமைகள் பெருகின. நாற்பதைத் தாண்டாத மந்தை இப்போது முந்நூற்றுக்கும் மேல். இதை நான் மேடையில் சொன்னால் கூச்சல் போடுவார்கள். போடட்டும். முந்நூறு எருமை முந்நூறுதான்.

ஆனால் கிழட்டுக் கடா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆறேழு வயசுக் கடா பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். கொம்பு அகலமாக, நுனி கூராக, படத்தில் பிரமாதமாக விழும். சுட வருகிறவனுக்கு அதுதான் வேண்டும். ஆனால் அது இனி ஐந்தாறு வருஷம் மந்தையில் கன்று பெருக்க வேண்டிய கடா. சுட வேண்டியது பன்னிரண்டு தாண்டிய, கொம்பு மழுங்கின, காது கிழிந்த, மந்தையை விட்டு ஒதுங்கிய கிழவனை. பணம் கட்டி வந்தவன் தோளுக்குப் பின்னால் நிற்கும்போது வழிகாட்டிக்கு நா குழறும். அதனால் நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். தண்ணீர்த் துறைகளில் கேமரா வைத்து, வருகிற கடாக்களின் படங்களை எனக்கு அனுப்ப வேண்டும். துப்பாக்கிக்காரன் இல்லாத இடத்தில், மாரெட்பள்ளியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, எதைச் சுடலாம் என்று நான் குறித்துக் கொடுப்பேன். குறித்த கடாவைத் தவிர வேறு எதன்மீதும் குண்டு பாயக் கூடாது. இந்த வழக்கத்தில் எனக்குப் பெருமை அதிகம். அந்தப் பெருமைதான் என் காலை வாரிவிட்டது.

போன ஆகஸ்டில் சாய்குமாருக்காக ஒரு கடாவைக் குறித்தேன். சாய்குமார் குகட்பள்ளியில் அடுக்குமாடி கட்டி விற்கிறவர். அவரும் தமிழர்தான், நான்கு தலைமுறையாக இந்த ஊர். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அவர் சொல்லி வந்தவர்கள். படத்தில் அந்தக் கடாவின் நெற்றியில் இரண்டு கொம்பும் சேருகிற இடம் கல்லாக இறுகித் தெரிந்தது. அப்படி இறுகியிருந்தால் வயதான கடா. இளசு என்றால் அந்த இடத்தில் மயிரும் மெத்தென்ற தோலும் இருக்கும். நான் குறித்தேன்.

மறுநாள் எலியாஸிடமிருந்து செய்தி வந்தது. எலியாஸ் அந்தக் குழுவின் தலைமைக் காவலர். நேரில் பார்த்தேன், சந்தேகமாக இருக்கிறது, நெற்றியில் இருப்பது காய்ந்த சேறாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார். எருமை சேற்றில் புரளும், சேறு நெற்றியில் காய்ந்து இறுகும், அது எனக்கும் தெரியும். ஆனால் என்னிடம் மூன்று கோணத்தில் மூன்று படம் இருந்தது. பதினோரு வருஷ அனுபவம் இருந்தது. நான் பார்த்துவிட்டேன், சுடலாம் என்று ஒற்றை வரியில் பதில் போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன்.

சாய்குமார் சுட்டார். ஒரே குண்டு. சுத்தமான வேட்டை என்று எல்லோரும் சொன்னார்கள்.

செத்த கடாவின் கீழ்த்தாடையை வேகவைத்துச் சுத்தம் செய்து, பல்லைப் படமெடுத்து அனுப்புவார்கள். வயதை உறுதிசெய்வது அதை வைத்துத்தான். கடைவாயில் முதல் பல்லின் நடுவே பிறை மாதிரிக் குழிகள் இருக்கும். வயது ஏற ஏற அவை தேய்ந்து மறையும். எலியாஸ் அங்கே பார்த்து ஒரு வயதை எழுத வேண்டும், நான் இங்கே பார்த்து ஒரு வயதை எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் முன்கூட்டிக் கேட்கக் கூடாது. இரண்டு தாளையும் குழு தன் பதிவேட்டில் சேர்க்கும். அதை வைத்துத்தான் அடுத்த வருஷம் எத்தனை கடாவைச் சுடலாம் என்று கணக்குப் போடுவார்கள். இளசைக் கிழடு என்று எழுதிக்கொண்டே போனால், காட்டில் கிழடுகள் நிறைய இருப்பதாக நினைத்து எண்ணிக்கையை ஏற்றுவார்கள். நாலு வருஷத்தில் மந்தையில் கன்று பெருக்கக் கடா இருக்காது.

படம் வந்தது. திரையில் பெரிதாக்கினேன். பிறைகள் இரண்டும் ஆழமாக, கருப்பாக, இன்றைக்குச் செதுக்கியதைப் போல இருந்தன. ஆறு வயது. ஆறரை என்றுகூடச் சொல்ல முடியாது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். பல் மாறவில்லை.

படத்துக்குக் கீழேயே எலியாஸின் தாளும் இருந்தது. முன்கூட்டி அனுப்பவே கூடாத தாள். அதில் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். நீங்களும் இதையே எழுதுங்கள் என்று ஒரு குறிப்பு.

ஏன் என்று எனக்கு விளங்காமல் இல்லை. இளங்கடாவைக் குறித்துக் கொடுத்த ஏஜென்டுக்கு ஒரு வருஷம் வேட்டை கிடையாது. அவர் பங்குக்கு உரிய கடாக்களை அந்த வருஷம் வேறு யாரும் சுடவும் கூடாது, மந்தைக்கு ஓய்வு. விதியை எழுதும்போது நானும் குழு கூடுகிற மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கடுமையாக இருக்கட்டும் என்று சொன்னதே நான்தான். குழுவின் கடாக்களில் பாதிக்கு மேல் என் பங்கு. என் கதவு மூடினால் அவர்கள் வரும்படியும் பாதி மூடிவிடும். எலியாஸ் என்னையும் காப்பாற்றினார், தன் ஆட்களின் சம்பளத்தையும் காப்பாற்றினார்.

எனக்கு நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சேறு என்று சரியாகச் சொன்ன மனிதர். நான் கேட்கவில்லை. இப்போது என் தப்பை மறைக்க அவர் கையைப் பொய்யில் முக்கியிருக்கிறார். அவரைப் பொய் எழுத வைத்தது நான் என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது.

இருதயராஜுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

"அக்கா, எலியாஸே எழுதிட்டாரு. நீங்களும் எழுதிட்டா முடிஞ்சுது. யாருக்கும் நட்டமில்ல."

"செத்த கடாவுக்கு?"

"அது செத்துப் போச்சுக்கா. ஆறுன்னு எழுதினா எந்திரிச்சு வந்துருமா? உண்மைய எழுதி ஒரு வருசம் காட்டை மூடுனா காவக்காரங்க பாதிப் பேரு வீட்டுக்குப் போவாங்க. அப்புறம் கண்ணி வைப்பாங்க. ஒரு கடாவுக்காக இருபது எருமை சாகும். நீங்கதானே எப்பவும் கணக்குச் சொல்லுவீங்க, இந்தக் கணக்கையும் பாருங்க."

அவன் பேசியது அசட்டுப் பேச்சு இல்லை. அன்றைக்கு முழுவதும் அந்தத் தாளை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே டியூஷனில் பிள்ளைகள் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். பயமாகத்தான் இருந்தது. ஐம்பத்தாறு வயதில் எனக்கு வேறு தொழில் தெரியாது.

மறுநாள் காலையில் சாய்குமாரே வந்துவிட்டார். கடாவின் தலையை நமீபியாத் தலைநகர் விண்டோக்கில் பாடம் செய்யக் கொடுத்திருந்தார். அந்தக் கொம்பின் அகலத்துக்கு ஏதோ ஒரு சாதனைப் புத்தகத்தில் இடம் கிடைக்குமாம். அதற்கு வயதுச் சான்று வேண்டும். பன்னிரண்டு என்று நான் எழுதிய தாளின் நகல். எலியாஸ் எழுதியது அவருக்கு முகாமிலிருந்து யார் மூலமோ தெரிந்திருந்தது.

"மேடம், ஏன் இவ்ளோ டைம் எடுக்கறீங்க? ஒரு நம்பர்தானே. அங்கே ஆளு போட்டாச்சு, நீங்களும் போட்டுட்டா நான் பிரேம் பண்ணி ஹால்ல மாட்டிடுவேன்."

உட்காருங்கள் என்றேன். திரையை அவர் பக்கம் திருப்பினேன். பல்லைக் காட்டினேன், பிறைகளைக் காட்டினேன், பழைய கடா ஒன்றின் தேய்ந்த பல்லையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் கட்டடக்காரர். தேய்மானம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டாம். முகம் சுருங்கிவிட்டது.

"நீங்க சுட்டது ஆறு வயசுக் கடா, சாய்குமார். சுடலாம்னு சொன்னது நான். தப்பு என்னோடது. அந்தத் தப்பை உங்க ஹால்ல மாட்ட நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் உடனே கத்தவில்லை. நயமாகத்தான் ஆரம்பித்தார். பரேஷான் ஆக வேண்டாம், கவலையை விடுங்கள், யாருக்குத் தெரியப் போகிறது என்றார். பிறகு தன் நண்பர்கள் மூன்று பேர் அடுத்த ஜூனில் போக இருப்பதை நினைவூட்டினார். கடைசியில், நான் எழுதாவிட்டால் இனி அவர் பக்கத்திலிருந்து ஒருத்தரும் இந்த மாடிப்படி ஏற மாட்டார்கள் என்றார். ஏற வேண்டாம், படி குறுகலாகத்தான் இருக்கிறது என்றேன். இருதயராஜ் அந்த நேரம் பார்த்து டீ கொண்டு வந்தான். நக்கோ, வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு சாய்குமார் இறங்கிப் போனார்.

அவர் போனதும் எனக்கு ஒன்று தெளிவானது. இந்த ஊரில் என்னை எதிர்க்கிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: பாதுகாப்பு என்பது இவர்கள் போடும் வேஷம், உள்ளே எல்லாம் பொய் என்று. அவர்களோடு பதினோரு வருஷமாகச் சண்டை போடுகிறேன். பன்னிரண்டு என்று நான் எழுதினால் அவர்கள் சொல்வது உண்மையாகிவிடும். அவர்களுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க நான் தயாராக இல்லை. பேனாவை எடுத்தேன். ஆறு என்று இலக்கத்திலும் எழுத்திலும் எழுதினேன். காவலர் சந்தேகம் சொன்னார், நான் கேட்கவில்லை என்பதையும் கீழே சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அனுப்புவதற்கு முன்னால் எலியாஸைக் கூப்பிட்டேன். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில். அது அவருக்கும் சொந்த மொழி இல்லை, எனக்கும் இல்லை. அதனால் சுற்றி வளைத்துப் பேச இரண்டு பேருக்கும் வராது. நான் ஆறு என்று எழுதிவிட்டேன், உங்கள் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள், நாளை மத்தியானம் வரை என்னுடையதை அனுப்பாமல் வைத்திருக்கிறேன் என்றேன். நீங்கள் இதை எங்களுக்குச் செய்யக் கூடாது என்றார். உங்களுக்காகத்தான் செய்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டேன்.

ஆறு நாள் கழித்து குழு கூடியது. எங்களுக்கு மத்தியானம், அவர்களுக்குக் காலை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவே வைத்தோம். அவர்கள் தங்கள் மொழியில் பேச, எலியாஸ் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். என் தாளைப் படித்தார்கள். அடுத்து எலியாஸ் ஏதோ சொன்னார், அங்கே ஒரே சலசலப்பு. என்னவென்று கேட்டேன். முதலில் பன்னிரண்டு என்று எழுதியதை நானே சொல்லிவிட்டேன் என்றார். கிழிக்கச் சொன்ன தாளை அவர் கிழிக்கவில்லை. பழையது, புதியது இரண்டையும் கொண்டுபோய் வைத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, அவர்மேல் இல்லை.

குழுவுக்குத் தலைவி ஒரு அம்மா. கடை வைத்திருக்கிறவர், என்னைவிட மூத்தவர். அவர் யோசித்து ஒன்று சொன்னார். இந்தப் பெண்மணி தானாக ஒத்துக்கொண்டாள், பதினோரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை, எச்சரிக்கையோடு விட்டுவிடலாம், வேட்டை நடக்கட்டும் என்றார். பல பேர் ஆமாம் ஆமாம் என்பது போனிலேயே கேட்டது. இருதயராஜ் கண்ணை மூடிச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

நான் வேண்டாம் என்றேன்.

எலியாஸ் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடியும் கேட்டார். வேண்டாம் என்றுதான் சொன்னேன். பதினோரு வருஷம் என்பதற்காக எனக்குத் தள்ளிக் கொடுத்தால், நாளைக்கு இருபது வருஷக்காரன் வருவான். ஒத்துக்கொண்டான் என்பதற்காக விட்டால், ஒவ்வொருத்தனும் இளங்கடாவைச் சுட்டுவிட்டு ஒத்துக்கொள்வான். விதி உங்கள் காட்டுக்காக எழுதியது, என் மூஞ்சிக்காக எழுதியது இல்லை. இதை எலியாஸ் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல அங்கே சத்தம் அடங்கியது.

அந்தத் தலைவி அம்மா நேராக என்னிடம் கேட்டார். அப்படியென்றால் காவலர்களை வீட்டுக்கு அனுப்பட்டுமா, நீ சொல்லு.

இருதயராஜ் கேட்ட அதே கேள்வி. இந்த ஆறு நாளில் அதற்கு ஒரு வழிதான் எனக்குத் தெரிந்தது. வருகிற வருஷத்துக்கென்று நான் கட்டி வைத்த முன்பணம் உங்களிடம் இருக்கிறது, அதை நான் திருப்பிக் கேட்க மாட்டேன், அதில் காவலர்கள் இருக்கட்டும் என்றேன். ஒருத்தரைக்கூட நிறுத்தக் கூடாது, அது மட்டும்தான் நான் கேட்பது. இருதயராஜ் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அந்தப் பணத்தில் அவன் சம்பளமும் இருந்தது. அவனிடம் முன்கூட்டிச் சொல்லாதது என் தப்பு. அவன் சரி என்று தலையை ஆட்டினான்.

கை தூக்கச் சொன்னார்கள். எத்தனை கை என்று எலியாஸ் சொல்லவில்லை. என் பங்குக்கு ஒரு வருஷம் வேட்டை இல்லை என்று முடிவானது. எலியாஸ் ஒரு வருஷம் பல் பார்க்கக் கூடாது, சாதாரணக் காவலராக ரோந்து போக வேண்டும். அதை அவரே தன் வாயால் எனக்கு மொழிபெயர்த்தார். கடைசியில் அந்த அம்மா ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். தன் தண்டனைக்கே வாதாடி ஜெயித்த ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்கிறார் என்றார் எலியாஸ்.

போனை வைத்தோம். இருதயராஜ் ஜூனில் போக இருந்தவர்களின் பட்டியலை எடுத்தான். சாய்குமாரின் மூன்று நண்பர்கள், பிறகு நாக்பூரிலிருந்து ஒரு டாக்டர். டாக்டரை முதலில் கூப்பிடலாம் என்றான்.

"அனுமதியில கொஞ்சம் சிக்கல்னு சொல்லிரட்டுமாக்கா?"

"ஒரு சிக்கலும் இல்ல. பகவதி தப்பா ஆறு வயசுக் கடாவைச் சுட வச்சா, அதனால ஒரு வருசம் வேட்டை கிடையாதுன்னு சொல்லு."

"அப்படியே சொல்லவா?"

"அப்படியேதான்."

அவன் எண்ணைப் போட்டான். ஹிந்தியில், நான் சொன்னதை ஒரு சொல் குறையாமல் சொன்னான். என் பெயரைச் சொல்லும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேள்வி வந்தது. போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அதுக்கு அடுத்த வருசமாவது எருமை இருக்குமான்னு கேக்காரு."

"இருக்கும்னு சொல்லு. அதுக்குத்தான் இந்தத் தடவை இல்ல."